குட்டி நாயும் எங்கள் வீடும்: சுத்தமும் சாப்பாடும்



கோழி, ஆடு, வீட்டுத் தோட்டம் என்று வருமானம் தரும் விடயங்களையே இந்தப் பக்கத்தில் அதிகம் எழுதி வருகிறோம். இம்முறை வருமானம் தராத, ஆனால் பல வீடுகளில் இன்று வளர்கிற ஒரு சீவனைப் பற்றி எழுதுகிறோம். காரணம், கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதிய கடிதம்.

அவருடைய மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார். எட்டு வயதுப் பேர்த்தி அம்மம்மாவோடு இருக்கிறாள். பிள்ளையின் மாமா ஒரு பொமரேனியன் குட்டியை வாங்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். குட்டிக்குப் பத்துக் கிழமை. "தாய் போன நாள் தொடக்கம் யாரோடும் பெரிதாகக் கதைக்காத பிள்ளை, இப்போது குட்டியோடு கதைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் குட்டி வீடு முழுக்க மூத்திரம் பெய்கிறது. சோறும் மீன்குழம்பும் வைத்தால் வயிற்றாலே போகிறது. அடித்தும் பார்த்தோம். இதை வைத்திருப்பதா, யாருக்கும் கொடுத்துவிடுவதா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, வைத்திருக்கலாம். உங்கள் இரண்டு பிரச்சினைகளும் உண்மையில் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. சாப்பாடு ஒழுங்கானால் வயிறு ஒழுங்காகும். வயிறு ஒழுங்கானால் எப்போது வெளியே கொண்டுபோக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும்.

சின்ன இனம் ஏன் வேறு?

எங்கள் ஊர் நாய் முற்றத்தில் பிறந்து முற்றத்தில் வளரும். அதற்கு யாரும் சுத்தம் பழக்குவதில்லை. பொமரேனியன் போன்ற சின்ன இனங்களை வீட்டுக்குள்ளே வளர்க்கிறோம். வளர்ந்த பின்பும் இவை பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோ எடைதான் இருக்கும். பத்துக் கிழமைக் குட்டி ஒரு கிலோ அளவில் இருக்கலாம். அதன் இரைப்பையும் சலப்பையும் எவ்வளவு சிறிதாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மாதக் குட்டியால் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. மூன்று மாதத்தில் மூன்று மணித்தியாலம் வரை சமாளிக்கும். ஆகவே அது உங்கள் வீட்டை அசுத்தம் செய்வது பிடிவாதத்தினால் அல்ல. அடக்கத் தெரியாத கைக்குழந்தை போலத்தான் அதுவும்.

இடமும் நேரமும்

குட்டிக்குச் சுத்தம் பழக்குவதற்கு இரண்டு விடயங்கள் வேண்டும்: மாறாத இடம், மாறாத நேரம்.

முற்றத்தில் ஒரு மூலையைத் தெரிவு செய்யுங்கள். கிணற்றுக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் தள்ளி இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் அதே மூலைக்குத் தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிடுங்கள். நடக்கவிட்டால் வழியிலேயே இருந்துவிடும். மூலையில் விட்டபின் பேசாமல் நில்லுங்கள். விளையாட்டுக் காட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் பார்த்தும் போகவில்லையென்றால் உள்ளே கொண்டுவந்து, கண்ணெதிரே வைத்திருந்து, பத்து நிமிடத்தால் திரும்பக் கொண்டுபோங்கள்.

எப்போதெல்லாம் கொண்டுபோக வேண்டும்?

1. நித்திரையால் எழும்பியவுடன்.
2. சாப்பிட்டு ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள்.
3. ஓடி விளையாடி முடிந்தவுடன்.
4. இரவு படுக்கப் போகுமுன்.
5. இவை தவிர, பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம்.

முதல் சில கிழமைகள் நடு இரவிலும் ஒரு தரம் எழும்ப வேண்டி வரும். ரோர்ச் லைற் இல்லாமல் இறங்காதீர்கள். பாம்பு நடமாடும் இடங்கள் எங்களுடையவை. மிதிவெடி அகற்றி முடியாத காணிக்குக் கிட்ட இருப்பவர்கள் குட்டியை ஒருபோதும் வேலிக்கு வெளியே அவிழ்த்து விடக்கூடாது. அது எச்சரிக்கைப் பலகைக்கு அப்பால் ஓடினால் பிள்ளை பின்னால் ஓடுவாள்.

குட்டி மூலையில் போன அதே கணத்தில் "நல்ல பிள்ளை" என்று மெதுவாகச் சொல்லித் தடவிக்கொடுங்கள். கையில் ஒரு துண்டு அவித்த மீன் இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், எதற்குக் கிடைத்தது என்பது அதற்கு விளங்காது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குட்டி வெளியே இறங்க மறுக்கும். அந்த நாட்களுக்கு விறாந்தையின் ஒரு ஓரத்தில் பழைய பத்திரிகையை நாலைந்தாக விரித்து வையுங்கள். கொஞ்சம் நனைந்த கடுதாசித் துண்டு ஒன்றைப் புதுக் கடுதாசிக்கு அடியில் வைத்தால், மணத்தைப் பிடித்து அங்கேயே வரும். மழை விட்டபின் கடுதாசியை நாளுக்கு நாள் வாசல் பக்கமாக நகர்த்தி, கடைசியில் முற்றத்து மூலைக்கே கொண்டுபோய்விடலாம்.

உங்களால் கவனிக்க முடியாத வேளைகளில், பிளாஸ்ரிக் கூடை அல்லது மரப்பெட்டி ஒன்றில் பழைய சேலையை மடித்துப் போட்டு அதற்குள் விடுங்கள். படுத்துத் திரும்பும் அளவு இடம் போதும். நாய் தான் படுக்கும் இடத்தை இயன்றவரை அசுத்தம் செய்யாது. ஆனால் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அடைத்து வைக்க வேண்டாம். இரவில் அந்தக் கூடையை உங்கள் பாய்க்குப் பக்கத்தில் வையுங்கள். தாயைப் பிரிந்து வந்த குட்டி தனியே கிடந்தால் அழும். பக்கத்தில் இருந்தால், அது முனகும்போது உங்களுக்கும் கேட்கும்.

அடி வேண்டாம்

"அடியாத மாடு படியாது" என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். குட்டி நாய் விடயத்தில் இது பொருந்தாது. மூத்திரத்தில் மூக்கைத் தேய்ப்பதும், தும்புத்தடியால் அடிப்பதும் ஒன்றைத்தான் பழக்கும்: மனிதர் பார்க்கும்போது போகக்கூடாது என்பதை. பிறகு அது கட்டிலுக்கு அடியிலும் அலுமாரிக்குப் பின்னாலும் போய் ஒளித்திருந்து பெய்யும். முற்றத்தில் உங்கள் முன்னால் போகவும் பயப்படும். சில குட்டிகள் நாங்கள் சத்தம் போட்டவுடனேயே பயத்தில் பெய்துவிடும். அதற்கும் அடித்தால் இன்னும் கூடும்.

உங்கள் கண்ணெதிரே வீட்டுக்குள் இருக்கத் தொடங்கினால், ஒரு தரம் கை தட்டி, உடனே தூக்கி மூலைக்குக் கொண்டுபோங்கள். போன பிறகு கண்டால் ஒன்றும் சொல்லாமல் துடையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு முன் செய்ததற்கு இப்போது ஏன் ஏசுகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. காதைத் தாழ்த்தி நிற்பதைப் பார்த்து, குற்றம் விளங்கிவிட்டது என்று நினைக்கிறோம். அது வெறும் பயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் பேர்த்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிழை விட்ட ஒரு சின்னச் சீவனை இந்த வீட்டில் எப்படி நடத்துகிறார்கள் என்பதை அவள் படித்துக்கொள்கிறாள். தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளைக்கு அது சிறிய பாடமல்ல.

துடைக்கும் முறை

மணம் நின்றால் குட்டி அதே இடத்துக்குத் திரும்பி வரும். சீமெந்து நிலம் மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும். முதலில் பழந்துணியால் ஒற்றி எடுங்கள். பின்பு சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, வினாகிரியும் தண்ணீரும் சம அளவில் கலந்து ஊற்றித் துடைத்துக் காயவிடுங்கள். அமோனியா கலந்த துப்புரவுத் திரவங்களைத் தவிருங்கள். அவற்றின் மணம் மூத்திர மணத்தைப் போன்றது. மண் நிலமாயின் நனைந்த மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப மெழுகுங்கள்.

மலத்தை உடனே அள்ளி ஆழமாகப் புதையுங்கள். குட்டிகளின் வயிற்றில் வட்டப்புழு இருப்பது வழமை. அதன் முட்டை மண்ணில் கலந்து, பிள்ளைகளின் கை வழியாக வாய்க்குப் போகும். சிலவேளை கண்பார்வையையும் பாதிக்கும். ஆகவே குட்டிக்குப் பூச்சி மருந்தும், பிள்ளைக்குக் கை கழுவும் பழக்கமும் இரண்டும் வேண்டும். பூச்சி மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. கால்நடை வைத்தியரிடம் நிறுத்துப் பார்த்துக் கொடுங்கள்.

சாப்பாடு

சின்ன இனக் குட்டியை நீண்ட நேரம் பட்டினி போடக்கூடாது. அதன் உடம்பில் சேமிப்பு மிகக் குறைவு. பல மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். குட்டி சோர்ந்து, நடுங்கி, தள்ளாடும். பின்பு வலிப்பு வந்து செத்தும் போகலாம். அப்படிக் கண்டால் சீனியைக் கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, அல்லது தேனை, விரலால் பல்லீறில் தடவுங்கள். நினைவில்லாத குட்டியின் வாய்க்குள் எதையும் ஊற்ற வேண்டாம். துணியால் சுற்றிச் சூடாக வைத்து, உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன்பின் இரண்டு வேளை கொடுங்கள். காலை 6, முற்பகல் 11, பிற்பகல் 4, இரவு 8 என்று வைத்துக்கொண்டால் பாடசாலை போகும் பிள்ளையும் இரண்டு வேளையைப் பொறுப்பெடுக்கலாம். வைத்த உணவை இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். நேரத்துக்குச் சாப்பிட்டால் நேரத்துக்குப் போகும். குடிதண்ணீரை மட்டும் எடுக்க வேண்டாம். எங்கள் வெயிலுக்கு அது எந்நேரமும் இருக்க வேண்டும்.

கடையில் விற்கும் குட்டிகளுக்கான உலர் உணவு வாங்கக்கூடியவர்கள், ஒரு கிலோக் குட்டிக்கு நாளுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 கிராம் கொடுக்கலாம். நான்காகப் பிரித்தால் வேளைக்கு 15 கிராமுக்குள்தான். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பையின் பின்புறத்தில் உள்ள அட்டவணையையும் பாருங்கள்.

முழுக்க வாங்க வசதியில்லாதவர்கள் அதனோடு வீட்டுச் சாப்பாட்டைக் கலக்கலாம். குழைந்த சோறு, முள் நீக்கிய அவித்த மீன் அல்லது கோழி இறைச்சி, அவித்த முட்டை, கொஞ்சம் பூசணிக்காய் அல்லது கரட். உப்பு, தூள், தேங்காய்ப்பால் வேண்டாம். வெறும் சோறு போதாது. வளரும் குட்டிக்குப் புரதமும் கல்சியமும் வேண்டும். வீட்டுச் சாப்பாடு மட்டுமே கொடுப்பதாயின் கல்சியம் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். புது உணவை ஒரே நாளில் மாற்றாமல், ஒரு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

அம்மாவின் மீன்குழம்புக்கு வருவோம். அதில் தூள் மட்டுமல்ல, வெங்காயமும் உள்ளியும் இருக்கின்றன. இவை நாயின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களை அழிக்கும். சமைத்தாலும் நஞ்சு போகாது. சின்னக் குட்டிக்குச் சின்ன அளவே கேடு. இவற்றோடு கொடுக்கக்கூடாதவை: சொக்லேற், தேத்தண்ணி, கோப்பி, முந்திரிகைப் பழம், பாயாசத்துக்குப் போடும் பிளம்ஸ், சமைத்த கோழி எலும்பு. பசுப்பாலும் பால்மாவும் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தைக் கொண்டுவரும்.

ஊசிகள்

பார்வோ, டிஸ்டெம்பர் என்னும் நோய்களுக்கு ஆறு முதல் எட்டுக் கிழமையில் முதல் ஊசி போட்டு, பதினாறு கிழமை வரை இடையிடையே திரும்பப் போட வேண்டும். ஊசிகள் முடியும்வரை தெருவில் விடாதீர்கள். சத்தியும் இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் கண்டால் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

விசர்நாய்க்கடி ஊசி கட்டாயம். வீட்டு நாய்களுக்கு அரச சுகாதாரத் துறை இதை இலவசமாகப் போடுகிறது. உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நாளைக் கேட்டறியுங்கள். வருடந்தோறும் போட வேண்டும். எந்த நாய் கடித்தாலும், நகத்தால் கீறினாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். சுண்ணாம்பு, கோப்பித்தூள் பூச வேண்டாம். நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது.

எவ்வளவு காலம்?

சின்ன இனங்கள் பழகக் கொஞ்சம் தாமதம். நான்கு முதல் ஆறு மாத வயதில் பெரும்பாலும் வழிக்கு வரும். சில குட்டிகளுக்கு ஒரு வருடமும் ஆகலாம். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று வீட்டுக்குள் பெய்யத் தொடங்கினால், அல்லது அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால், சலப்பையில் நோய் இருக்கக்கூடும். வைத்தியரிடம் காட்டுங்கள்.

1995 இலும், 2008 - 2009 இலும் கட்டியிருந்த நாயை அவிழ்த்து விட்டுவிட்டு வந்தவர்கள் எங்களுள் பலர். அதனால் இனி நாயே வேண்டாம் என்று சொல்லும் அம்மாமாரும் உண்டு. அந்த மனதை நாங்கள் மதிக்கிறோம். வளர்க்க முடியாதவர்கள் வாங்காமல் இருப்பதே சரி. வாங்கியவர்கள் கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றியும் வைத்தியரிடம் கேட்டு வையுங்கள். தெருவில் விடப்படும் குட்டிகள் குறையும்.

கொண்டுபோகும் நேரங்களையும் சாப்பாட்டு நேரங்களையும் ஒரு கடுதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பிள்ளையே எழுதட்டும். குட்டி வெளியே போன ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி போடச் சொல்லுங்கள். இரண்டு கிழமையில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தாலே குட்டியின் நேரம் உங்களுக்கு விளங்கிவிடும்.

அடுத்த மாதம்: மாரி காலத்தில் ஆட்டுக்கொட்டிலைக் காய்வாக வைத்திருப்பது எப்படி?