நாற்காலி காலியானால் வீடு இடியாது

நட்சத்திர வடிவமைப்பாளர் விலகப்போகிறார் என்று வதந்தி கிளம்பினால் போதும், 'அவர் போனால் அந்த ஃபேஷன் நிறுவனமே போச்சு' என்று ஒப்பாரி தொடங்கிவிடுகிறது. அழுபவர்கள் பாரிஸின் டியோர் நிறுவன வரலாற்றைப் புரட்டியதில்லை போலும். 1957 அக்டோபரில் நிறுவனர் கிறிஸ்தியன் டியோரே திடீரென இறந்தார். அவரைவிடப் பெரிய நட்சத்திரம் அங்கே யார்? பொறுப்பேற்ற ஈவ் சான் லோரானுக்கு வயது 21. அடுத்த ஜனவரியிலேயே அவருடைய 'ட்ரபீஸ்' உடைகளைப் பாரிஸ் கொண்டாடியது. 1960இல் அவரையும் ராணுவம் அழைத்துக்கொண்டது. பின்வந்த மார்க் போஆன் 1989 வரை சத்தமில்லாமல் நடத்திக் காட்டினார்.

உடனே கூச்சி நிறுவனத்தைக் காட்டுவார்கள். 2022 நவம்பரில் அதன் வடிவமைப்பாளர் அலெஸ்ஸாந்த்ரோ மிக்கேலே விலகினார், பிறகு விற்பனை சரிந்தது. உண்மைதான். ஆனால் அவர் இருக்கும்போதே வளர்ச்சி தளர்ந்திருந்தது. அதே கூச்சி 2004இல் வடிவமைப்பாளர் டாம் ஃபோர்டு போனபிறகும் வளர்ந்ததை ஏன் மறக்கிறார்கள்?

கல்லாவை நிரப்புபவை கைப்பையும் வாசனைத் திரவியமும். பெயரைக் காப்பது தையற்கூடம். காட்சி முடிவில் வந்து தலைவணங்குபவர் மாறலாம். ஊசி பிடிக்கும் கைகள் ஓய்ந்தால் சொல்லுங்கள், நானும் சேர்ந்து அழுகிறேன்.