அரைச் சதுர மில்லிமீட்டர் நிலம்

முதலாம் ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பற்றிப் பேசும்போது வரலாற்று நூல்கள் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: ஒரு வேலியை 5,242 கோடியே 88 லட்சமாகக் கூறுபோட்டால் கிடைக்கும் ஒரு கூறு வரைக்கும் நிலம் கணக்கிடப்பட்டது. அளவை நுட்பத்துக்குச் சான்றாக இதை மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் வேலி என்பது ஏறக்குறைய ஆறரை ஏக்கர். அதை அத்தனை கூறாக்கினால் ஒரு கூறு அரைச் சதுர மில்லிமீட்டர்தான் வரும். எந்த அளவுகோலாலும் வயலில் அதை அளந்திருக்க முடியாது. அப்படியானால் இந்த எண் வயலில் பிறக்கவில்லை, கணக்கரின் ஓலையில் பிறந்தது. நம் பெருமிதத்தை அளவுகோலிலிருந்து கணக்குக்கு மாற்றிக்கொள்வதே நியாயம் என்பது என் வாதம்.

சான்று அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 இருபத்துநான்கு முறையும் 5 ஐந்து முறையும் வருகின்றன. வேறு எதுவும் வருவதில்லை. இவ்வளவு பெரிய எண்ணில் 3, 7, 11 ஒன்றுகூடத் தலைகாட்டாதது தற்செயல் அல்ல. தமிழ்ப் பின்னங்களைப் பாருங்கள்: மா 20-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. முந்திரிக்கும் கீழே போக வேண்டுமானால் அதையே மறுபடி 320 ஆக்கி, ‘கீழ்’ என்று அடைகொடுத்து அதே பெயர்களைத் திரும்பச் சொல்வார்கள். 320-ஐ நான்கு முறை பெருக்கி, நாலுமாவுக்கு (20-இல் 4, அதாவது 5-இல் ஒன்று) உரிய 5-ஆல் ஒருமுறை பெருக்குங்கள்: 5,242 கோடியே 88 லட்சம் அப்படியே வந்து நிற்கும்.   

அளக்கவே முடியாததை எழுதி என்ன பயன், வெறும் ஏட்டுப் பிடிவாதம்தானே என்று கேட்கலாம். அக்கல்வெட்டுகள் ஊரின் மொத்த நிலத்தைச் சொல்லி, அதிலிருந்து குடியிருப்பு, குளம், வாய்க்கால், சுடுகாடு முதலிய இறையிலி நிலங்களைக் கழித்து, மிஞ்சியதற்கே வரி காட்டுகின்றன. கழித்தவற்றையும் மிஞ்சியதையும் திரும்பக் கூட்டினால் மொத்தம் பிசகாமல் வர வேண்டும். இடையில் ஒரு துளியைத் தள்ளினாலும் வராது. பின்னங்களின் கீழெண்ணில் 2-உம் 5-உம் மட்டுமே காரணிகளாக இருப்பதால் எந்த இரண்டு பின்னங்களைக் கூட்டினாலும் கழித்தாலும் விடை அதே பெயர்களுக்குள் அடங்கும். குடியானவருக்கும் கோயிலுக்கும் ஒரே கணக்கு. இதைப் பிடிவாதம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை; நேர்மை என்றே சொல்வேன்.

வலுவான மறுப்பு வேறொன்று: 3 இல்லாத முறையில் மூன்று பங்காளிகள் ஒரு வேலியை எப்படிப் பிரிப்பது? உண்மையிலேயே இது குறைதான். 360-ஐ அடியாகக் கொண்டிருந்தால் இந்தச் சிக்கலே எழாது. 320-ஐ அடியாகக் கொண்டதால், ஒரு வேலியின் 320 முந்திரியை மூவருக்குப் பிரித்தால் ஆளுக்கு 106 முந்திரி போக 2 மிஞ்சும். அதைக் கீழ்முந்திரியாக்கினால் ஆளுக்கு 213 போக 1 மிஞ்சும். அடுத்த படியில் மறுபடி 106 போக 2, அதற்கடுத்த படியில் 213 போக 1. எத்தனை படி இறங்கினாலும் மிச்சம் தீராது. ஆனால் நான்காம் படியில் மிஞ்சும் அந்த ஒன்று இரண்டரைச் சதுர மில்லிமீட்டர்தான். அதற்காக வரப்பைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.