நெஞ்சுக்குள் ஒரு செவிப்பறை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குப் பேருந்தில் செல்வோருக்கு, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடப்பதற்குள் காது அடைத்துக்கொள்ளும். உயரே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைவதைக் கண்மூடியிருப்பவருக்கும் செவிப்பறை உணர்த்திவிடுகிறது. இதயத்தினுள் வைக்கப்படும் சிறு பம்புக்கும் இத்தகைய செவிப்பறை ஒன்று தேவைப்பட்டது.

எகிப்தில் நீர் இறைக்கும் திருகு உருளையை 1976இல் கண்ட அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு வாம்ப்ளர், அம்முறையில் இரத்தம் இறைக்கும் ‘ஹீமோபம்ப்’ கருவியை உருவாக்கினார். 1988இல் அது முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் ஜெர்மனியின் ஆகென் நகரில் ‘இம்பெல்லா’ உருவாயிற்று. தொடைத் தமனி வழியே செலுத்தப்படும் இது, இதயத்தின் இடது கீழறையில் இரத்தத்தை உறிஞ்சி, வால்வுக்கு அப்பால் பெருந்தமனியில் விடுகிறது.

பம்பு இடம் பெயர்ந்தால் இரத்த அணுக்கள் சிதையக்கூடும். உடலுக்குப் போதிய இரத்தமும் செல்லாது. ஆகவே, பெருந்தமனிப் பக்கம் ஒளியிழையின் நுனியில் மெல்லிய சவ்வு ஒன்றை அமைத்தனர். அழுத்தத்தால் சவ்வு வளைய, திரும்பிவரும் ஒளி மாறுகிறது. அதிலிருந்து அழுத்தம் அறியப்படுகிறது. வால்வின் இருபுற அழுத்த வேறுபாடு ஒவ்வொரு துடிப்பிலும் மாறுவதால், ஒரே வேகத்தில் சுழலும் பம்பு இழுக்கும் மின்சாரமும் ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் மறைந்தால், கருவி நகர்ந்திருக்கலாம் என மருத்துவர் ஐயுற்று, எக்கோ பரிசோதனையால் தெளிந்து சரிசெய்வார்.

மாரடைப்பால் தளர்ந்த இதயம் இளைப்பாறும் அந்நாட்களில், இம்மெல்லிய சவ்வு சொல்லும் சேதி ஓர் உயிருக்குக் காவலாகிறது.