பள்ளிக்கூட வாசலிலிருந்து: சிலை பார்க்கும் படிப்பா?



சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுது, செம்பனைக் குலை வெட்டிக் களைத்து வந்த ஒரு தகப்பனார் என் வீட்டு வாசலில் நின்றார். பக்கத்தில் அவருடைய மூத்த மகள். முதலாம் ஆண்டில் நான் கைப்பிடித்து 'அ' எழுதக் கற்றுக்கொடுத்த பிள்ளை. இன்று பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துப் பட்டமும் வாங்கிவிட்டாள்.

"வாத்தியாரய்யா, நீங்களே கேளுங்க. வேலைக்குப் போவான்னு பார்த்தா, எம்.ஏ. படிக்கணுங்கிறா. கலை வரலாறாம்! சிலையையும் படத்தையும் பார்க்கிறதுக்கு ஒரு படிப்பா?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் மனமும் அவர் பக்கமே சாய்ந்தது. "ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடேன் அம்மா" என்றேன். அவள் எதிர்த்துப் பேசவில்லை. நடந்த சம்பவம் ஒன்றைச் சொன்னாள்.

தமிழ்நாட்டில் அரியலூர்ப் பக்கம் ஸ்ரீபுரந்தான் என்றொரு சிற்றூர். அங்கே சோழர் காலத்துச் சிவன் கோயில். அங்கிருந்த நடராசர் திருமேனியைத் திருடர்கள் கடத்திக்கொண்டு போனார்கள். கைமாறிப்போன அச்சிலையை 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர்கள் காட்டியவை பொய்ப் பத்திரங்கள். இது எந்த ஊர்ச் சிலை என்று யார் சொல்வது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் அந்தக் கோயிலுக்கு முன்பே போய், சிலையைப் படமெடுத்து வைத்திருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. 2014-இல் நடராசர் இந்தியா திரும்பினார்.

"அய்யா, திருடினவன்கிட்ட பத்திரம் இருந்துச்சு. சிலைக்குச் சாட்சி சொல்ல இந்த மாதிரிப் படிப்புதான் இருந்துச்சு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

கலை வரலாறு என்பது வெறுமனே பார்த்து ரசிப்பதன்று. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அளந்து, வரைந்து, படமெடுத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டு, யார், எப்போது, எதற்காகச் செய்தார்கள் என்று ஆதாரத்தோடு ஆய்வேடு எழுத வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், இராசராசன் கொடுத்த திருமேனிகளின் உயரத்தை முழம், விரல் கணக்கில் சொல்கின்றன. பழைய எழுத்தைப் புதிதாகக் கற்கத்தான் வேண்டும். ஆனால் மொழி நம்முடையது. தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு அது கைமுதல் அல்லவா?

நம்மவர் கால் வைக்காத துறையுமல்ல இது. 1938-இல் சிங்கப்பூரில் பிறந்த டி. கே. சபாபதி அமெரிக்காவிலும் லண்டனிலும் இத்துறையில் மேற்படிப்புப் படித்தவர். பினாங்கில், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். மலேசியாவின் நவீன ஓவியர்களைப் பற்றி ரெட்சா பியதாசாவுடன் சேர்ந்து 1983-இல் நூல் எழுதியவர்.

என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு இறங்க வேண்டாம் என்றே அவளுக்குச் சொன்னேன். அரும்பொருளகம், கலைக்கூடம், பல்கலைக்கழகம் என்று வேலை கிடைக்கும் இடங்கள் சிலவே. கட்டணத்தோடு, ஊர் ஊராய்ப் போய்ப் பார்த்து வரும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உதவித்தொகை உண்டா என்று சேர்வதற்கு முன்பே கேட்க வேண்டும். எடுக்கும் தலைப்பை அறிந்த பேராசிரியர் அங்கே இருக்கிறாரா என்பது அதைவிட முக்கியம். சேர்வது சுலபம், ஆய்வேட்டை எழுதி முடிப்பதுதான் பாடு. வீட்டு நிலைமையைப் பார்த்து, தற்காலிக ஆசிரியையாக வேலை செய்துகொண்டே பகுதி நேரமாகப் படிப்பது என்று முடிவாயிற்று.

"சரி, எதைப் பத்தி எழுதப் போறே?" என்று கேட்டார் தகப்பனார்.

"தோட்டத்து மாரியம்மன் கோயில் சுதைச் சிற்பங்களைப் பத்திப்பா. தோட்டத்தை வித்துட்டா கோயிலும் போயிடுது. யார் செஞ்சதுன்னு எங்கேயும் எழுதி வைக்கல."

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நம்ம கோயில் வாசல் குதிரை வீரனுக்கு உன் பாட்டன்தான் சுண்ணாம்பு குழைச்சுக் கொடுத்தாரு" என்றார்.

"எந்த வருஷம்பா?" என்று அவள் கைப்பையில் பேனாவைத் தேடினாள்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் தோட்டத்துக் கோயில் திருவிழாப் படங்கள் கிடக்கும். இன்றே எடுத்து, பின்பக்கம் தோட்டத்தின் பெயர், வருடம், சிலை செய்தவர் பெயர், தெரிந்த மட்டும் எழுதி வையுங்கள். நாளை ஒரு பிள்ளை அதைத் தேடிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வரக்கூடும்.