மாவுக்கட்டு + தீம் பார்க் = ?

கால்ல மாவுக்கட்டு. கையில ரெண்டு அக்குள் கட்டை. வாட்ஸ்அப் குரூப்ல ‘சனிக்கிழமை தீம் பார்க் கன்ஃபர்ம்’னு மெசேஜ். இப்ப என்ன பண்ணுவீங்க பாஸ்?

‘நீங்க போய்ட்டு வாங்கப்பா’னு தியாகி ஆகலாம். இல்லைன்னா கட்டையோட கிளம்பலாம். நான் ரெண்டாவது கட்சி!

கூடுவாஞ்சேரியில வீடு இருந்தா ஒரு சௌகரியம். சுத்திலும் பொழுதுபோக்குதான். பக்கத்துலயே வண்டலூர் ஜூ. தாம்பரம்னா கிஷ்கிந்தா ஞாபகம் வரும். 1984-ல ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ 3டி படம் எடுத்த நவோதயா அப்பச்சன் 90-கள்ல உருவாக்கின பார்க் அது. எங்க அக்கா செட்டுக்கு ஸ்கூல் டூர்னாலே அதுதான். கிழக்கு கடற்கரைச் சாலைப் பக்கம் விஜிபி, எம்ஜிஎம். 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கத்துல இள்ளலூர்ல வொண்டர்லாவும் திறந்தாச்சு. ஆனா இங்கெல்லாம் போறவங்க எல்லாருக்கும் ரெண்டு கால் ஒழுங்கா வேலை செய்யும்னு யாரோ முடிவு பண்ணி வெச்சிருக்காங்க. அது கட்டு போட்டாதான் தெரியுது.

டிபார்ட்மெண்ட் த்ரோபால் மேட்ச்ல கணுக்கால்ல ஹேர்லைன் ஃபிராக்சர். ஆறு வாரம் கட்டு. பார்க்கிற அத்தனை பேரும் கேட்ட முதல் கேள்வி, “என்ன, போலீஸ் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தியா?” (தமிழ்நாட்டுல மாவுக்கட்டு போட்ட யாரும் இந்த ஜோக்ல இருந்து தப்பிக்க முடியாது!) பெரியம்மா தினமும் ஆட்டுக்கால் சூப் அனுப்பினாங்க. எதிர்வீட்டு மாமா, “பேசாம புத்தூருக்குக் கூட்டிட்டுப் போயிருக்கலாம், முட்டையும் பச்சிலையும் வெச்சுக் கட்டினா...”னு ஆரம்பிச்சு அரை மணி நேரம் பேசினார். ஆர்த்தோ டாக்டர்கிட்ட டூர் பத்திக் கேட்டேன். கட்டு நனையக் கூடாது, அந்தக் காலை ஊனக் கூடாது, உட்கார்ந்தா காலை உயர்த்தி வைக்கணும், விரல் மரத்துப்போனாலோ நீலமா மாறினாலோ உடனே வரணும். இந்த நாலு கண்டிஷனோட ‘ஓகே’ சொன்னார்.

கட்டையை வெச்சு நடக்கிறதே தனி சப்ஜெக்ட் மக்களே. சினிமாவுல ஹீரோ அக்குள்ல கட்டையைச் சொருகி மொத்த வெயிட்டையும் அதுமேல போட்டு நடப்பாரே, அப்படி நடந்தா அக்குள் நரம்பு நசுங்கி கை மரத்துப்போகும். அக்குளுக்கும் கட்டை நுனிக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் நுழையற கேப் இருக்கணும். வெயிட் முழுக்க உள்ளங்கையில. படிக்கட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் அக்கா ஒரு மந்திரம் சொல்லிக் கொடுத்தாங்க. ஏறும்போது நல்ல கால் முதல்ல, இறங்கும்போது கட்டையும் கெட்ட காலும் முதல்ல. ‘நல்லவன் மேலே போவான், கெட்டவன் கீழே போவான்’னு மனப்பாடம் பண்ணிட்டேன். செமஸ்டர் ஃபார்முலா எதுவும் இவ்ளோ சீக்கிரம் மண்டையில ஏறினதில்லை!

போறதுக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினை நினைச்சுப் பார்த்தேன். ரயில்வே நடைமேம்பாலப் படிகளை மேல இருந்து கீழ வரைக்கும் ஒருதரம் பார்த்துட்டு அந்த நினைப்பைக் கைவிட்டேன். பஸ்ஸுலயும் அதே கதை, முதல் படியே முழங்கால் உயரம். மாற்றுத் திறனாளிகள் அமைப்புகள் வருஷக்கணக்கா கோர்ட்டுல போராடின பிறகு, 2024 ஆகஸ்ட்ல எம்டிசி மறுபடி தாழ்தளப் பேருந்துகளை விட ஆரம்பிச்சது. ஸ்டாப்ல நின்னதும் பஸ்ஸே ஒரு பக்கமா குனிஞ்சு கொடுக்கும். பார்க்கவே அழகு. ஆனா நாங்க போற ரூட்ல அது கிடைக்கலை. ஆறு பேர் ஷேர் பண்ணி ஒரு வேன்.

பார்க் பேர் இங்கே வேண்டாம். டிக்கெட் கவுன்ட்டர் தாண்டினதும் முதல் வில்லன், இடுப்பு உயரத்துல சுத்துற கம்பிக் கதவு. கட்டை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பக்கத்துலயே ஒரு சைடு கேட் பூட்டிக் கிடந்தது. சாவி வர பதினஞ்சு நிமிஷம். வீல் சேர் கேட்டேன். “மாற்றுத் திறனாளி கார்டு இருக்கா மேடம்?”

இல்லையே. எப்படி இருக்கும்? 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் நீண்ட காலக் குறைபாடு உள்ளவங்களுக்கானது. சலுகைகளுக்கு 40 சதவிகிதம்னு சர்டிஃபிகேட் வேணும். ஆறு வாரக் கட்டுக்கு அதுல இடம் கிடையாது, இருக்கணும்னும் நான் கேட்கலை. க்யூவுல முன்னாடி போற சலுகை வேற, ஒரு வீல் சேரும் சாய்தளமும் வேற. சாய்தளத்துல ஏற யாருக்கும் கார்டு தேவையில்லை. குழந்தையைத் தள்ளுவண்டியில வெச்சுத் தள்ளுற அம்மாவும் அதுலதான் ஏறுறாங்க, ஐஸ்க்ரீம் பெட்டி தள்ளுற அண்ணனும் அதுலதான் ஏறுறார். சேவை தர்ற தனியார் நிறுவனங்களையும் அணுகல் விதிகளுக்குக் கட்டுப்படுத்துற சட்டம்தான் அது. அந்த விதிகள் வெறும் சிபாரிசா இருக்கக் கூடாது, கட்டாயமா இருக்கணும்னு 2024 நவம்பர்ல ராஜீவ் ரதூரி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

எக்ஸ்ரேயை போன்ல காட்டினதும் வீல் சேர் வந்தது. பாவம், அந்த அண்ணன் நல்லவர்தான். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கலை.

சாப்பாட்டு ஹாலுக்கு நாலு படி. பக்கத்துல ஒரு சாய்தளமும் இருந்துச்சு. அங்கதான் எனக்குள்ள தூங்கிட்டிருந்த மெக்கானிக்கல் இன்ஜினீயர் முழிச்சா. ஒரு படி அரை அடி, நாலு படிக்கு 2 அடி உயரம். விதிப்படி 12-க்கு 1 சரிவு, அதாவது 24 அடி நீளம் வேணும். இருந்தது சுமார் 9 அடி! நானும் வீல் சேரும் சேர்ந்து 72 கிலோ. 24 அடி சாய்தளம்னா தள்ளுறவங்க கிட்டத்தட்ட 6 கிலோ சுமைக்குச் சமமான விசை கொடுத்தா போதும். இதுல 16 கிலோ. ஃபர்ஸ்ட் இயர் அப்ளைடு மெக்கானிக்ஸ் இப்படியெல்லாம் உதவும்னு தெரிஞ்சிருந்தா அப்பவே ஒழுங்கா படிச்சிருப்போம். ரெண்டு பேர் தள்ளி, ஒருத்தி முன்னாடி இழுத்து... ‘ஏய், தேர்த் திருவிழா மாதிரி இருக்குடி’னு எவளோ வடம் பிடிக்கிற சத்தம் வேற குடுத்தா.

ரைடுகள்ல ஏத்த மாட்டேன்னு சொன்னதுல மட்டும் எனக்கு வருத்தமே இல்லை. ஆபரேட்டர் அண்ணன் ஒருத்தர் பொறுமையா விளக்கினார். ரோலர் கோஸ்டர் பாதியில நின்னுட்டா, அந்த உயரத்துல இருந்து குறுகலான படி வழியா நம்ம கால்லயே இறங்கி வரணும். கட்டையோட எப்படி? அதோட, ஒரு முழுக் கால் உடம்பு எடையில கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு. எனக்கு 9 கிலோ, கட்டோட சேர்த்து 10-னு வைங்க. வளைவுல 3 ஜி விசை வந்தா அது 30 கிலோவா கனக்கும். தொங்கிட்டிருக்கிற உடைஞ்ச கணுக்கால் மேல அது வேலையைக் காட்டினா மறுபடி டாக்டர்தான். தண்ணிச் சறுக்கல் பத்திப் பேச்சே வேண்டாம். சிலர் ‘ஃபைபர் கட்டுதானே, நனைஞ்சா என்ன?’ம்பாங்க. வெளியில இருக்கிற ஃபைபருக்கு ஒண்ணும் ஆகாது, உள்ள இருக்கிற பஞ்சு ஊறிப்போய் தோல் புண்ணாகிடும்.

ஆக, ரைடு கட். அப்புறம் என்ன மிச்சம்? பெஞ்ச்.

ஆறு பை, நாலு ஜோடி செருப்பு, மூணு பவர்பேங்க். காவலுக்கு நான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வேப்பமரத்தடி பெஞ்ச்ல உட்கார்ந்தப்பதான் பார்த்தேன், நான் தனியா இல்லை. அங்க ஒரு தனி கிளப்பே இருக்கு! ஆறு மாசக் கர்ப்பிணி அக்கா ஒருத்தங்க. ஸ்டென்ட் வெச்ச ஒரு சார். ஒரு பாட்டி, ரெண்டு முழங்காலும் தேய்ஞ்சவங்க, மடியில பேத்தியோட துண்டு. எல்லார் கையிலும் யாரோட செருப்பாவது.

“எத்தனை நாளும்மா கட்டு?”னு பாட்டி கேட்டாங்க.

“ஆறு வாரம் பாட்டி. இன்னும் மூணு வாரம் இருக்கு.”

“அப்ப பரவாயில்லை. எனக்கு எட்டு வருஷமா இப்படித்தான். வருஷா வருஷம் கூட்டிட்டு வந்துடுறாங்க. வரலைன்னா கோவிச்சுக்குவாங்க. வந்தா இங்க உட்கார வெச்சிடுவாங்க.”

“டிக்கெட்?”

“சும்மா விடுவானா? நீங்க கொடுத்த மாதிரி நானும் காசு கொடுத்துதான் உட்கார்ந்திருக்கேன்.”

சொல்லிட்டு அவங்களே சிரிச்சாங்க. காலையில இருந்து தண்ணியே குடிக்கலையாம். ஏன்னா பாத்ரூம் அந்தக் கோடியில, இந்தியன் டாய்லெட், உட்கார்ந்தா எழுந்திருக்க முடியாது. கைப்பிடிக் கம்பி வெச்ச வெஸ்டர்ன் டாய்லெட் ஒண்ணு இருக்குன்னு ஸ்டாஃப் கிட்ட விசாரிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். போர்டு இல்லை. பாட்டியை என் வீல் சேர்ல உட்கார வெச்சு தோழி தள்ளிட்டுப் போனா. திரும்பி வந்ததும் ஒரு பாட்டில் தண்ணியை ஒரே மூச்சுல குடிச்சாங்க.

அதுக்கப்புறம் எங்க கிளப்பும் கிளம்பிடுச்சு. சுத்தி வர்ற குட்டி ரயில்ல பிளாட்ஃபாரமும் பெட்டியும் ஒரே உயரம். நான், பாட்டி, கர்ப்பிணி அக்கா, ஸ்டென்ட் சார் எல்லாரும் ஏறினோம். ரெண்டு ரவுண்டு! எட்டு வருஷத்துல பாட்டி ஏறின முதல் ரைடு அதுதான். அந்த ரயில் இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. பெஞ்ச்ல இருந்து பார்த்தா மரம் மறைக்குது.

வெளிநாட்டுல மட்டும் தேனும் பாலும் ஓடுதான்னா, அங்கயும் கூத்துதான். 2013-ல பணக்காரக் குடும்பங்கள் மாற்றுத் திறனாளிகளை வாடகைக்குக் கூட்டிட்டுப் போய் டிஸ்னி வேர்ல்டுல க்யூவைத் தாண்டினதா செய்தி வந்தது. அதே வருஷம் டிஸ்னி பழைய கார்டு முறையையே மாத்திடுச்சு. இன்னொரு பக்கம் அமெரிக்காவுல சான் அன்டோனியோவுல 2010-ல திறந்த ‘மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்’. கார்டன் ஹார்ட்மேன்ங்கிறவர், தன் பொண்ணு மார்கனோட சேர்ந்து விளையாட மத்த பசங்க தயங்கினதைப் பார்த்துட்டுக் கட்டினது. ராட்டினத்துல வீல் சேரோட ஏறலாம். மாற்றுத் திறனாளிகளுக்கு நுழைவு இலவசம். 2017-ல வந்த அதோட வாட்டர் பார்க்குக்காக பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தோட சேர்ந்து ஒரு வீல் சேர் பண்ணினாங்க பாருங்க, அதுல பேட்டரியே கிடையாது, அழுத்தின காத்துல ஓடும்! தண்ணியில நனைஞ்சாலும் ஷார்ட் ஆகாது. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுற ஜூனியர்ஸ், நோட் பண்ணிக்கோங்க.

நம்ம ஊருலயும் நடக்கும். மெரினாவுல 2022 நவம்பர்ல 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டாங்க, வீல் சேர்ல அலை பக்கத்துல வரைக்கும் போகலாம். அடுத்த மாசமே மாண்டஸ் புயல் அதைப் பிச்சுப் போட்டது. மறுபடி சரி பண்ணினாங்க. அதுல நடக்கிறவங்களைப் பாருங்க, பாதிப் பேர் நம்ம பாட்டி மாதிரிதான்.

கட்டோட யாராவது கிளம்புறதா இருந்தா, முந்தின நாளே பார்க்குக்கு போன் போட்டுடுங்க. வீல் சேர் இருக்கா, டெபாசிட் எவ்வளவு, வெஸ்டர்ன் டாய்லெட் எங்க, படியில்லாம ஏறக்கூடிய ரைடு எது? ‘எல்லா வசதியும் இருக்கு சார்’னு பொதுவா சொன்னா விடாதீங்க. எத்தனை படி, எந்தப் பக்கம்னு கேளுங்க. கட்டையோட ரப்பர் குமிழ் தேய்ஞ்சிருந்தா மாத்திடுங்க, ஈரத் தரையில வழுக்கும். வார நாள்ல காலையிலயே போயிடுங்க. தீம் பார்க் டூ மச்னு தோணினா வண்டலூர் ஜூவுல பேட்டரி வண்டி ஓடுது, உட்கார்ந்தபடியே புலி பார்க்கலாம்.

சாய்தளக் கணக்கை ஒரு படமா வரைஞ்சு, டாய்லெட்டுக்கு போர்டு வைக்கச் சொல்லி, குட்டி ரயில் பத்தி கவுன்ட்டர்லயே பெரியவங்களுக்குச் சொல்லுங்கன்னு எழுதி, அந்த பார்க் நிர்வாகத்துக்கு மெயில் அனுப்பியிருக்கேன். ‘கவனிக்கிறோம்’னு ஒரு வரி பதில் வந்தது. பாட்டியோட பேத்தி நம்பர் என்கிட்ட இருக்கு. அடுத்த மே மாசம் அவங்க போறப்போ போர்டு வந்திருக்கான்னு பார்த்துச் சொல்றேன்னு சொல்லியிருக்கா.