கவனக்குறைவு என்று எழுதாதீர்கள்

பட்டறையின் விபத்துப் பதிவேட்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் நான் என் கையாலேயே 'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறேன். அப்படி எழுதியது தவறு. அந்தச் சொல்லை இன்றும் பட்டறைகளில் கூசாமல் சொல்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பேக்கிங் பெட்டியும் பேலட்டும் அடிக்கும் பட்டறை ஒன்றில் அப்போது நான் மேற்பார்வையாளர். காயம் பட்டவர் புதுப் பையன் இல்லை, பதினாறு ஆண்டு அனுபவம் உள்ள தச்சர். பையன்களுக்கு ஆணி அடிக்கும் ஏர் கன்னைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். ஒரு மதியம், இடது கையால் ரீப்பரைப் பிடித்துக்கொண்டு ஆணி இறக்கும்போது, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையோடு அவர் கை மரத்தில் தைத்துக்கொண்டது. "அண்ணே, கையை அசைக்காதீங்கண்ணே" என்று பையன்கள் ஓடிவந்தார்கள். ஆணியைப் பிடுங்காமல், ரீப்பரை இரண்டு பக்கமும் அறுத்து, அந்தத் துண்டோடு அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மாலையில் மேஸ்திரி சொன்னார்: "கவனம் எங்கேயோ போயிருக்கு சார். இல்லன்னா இவன் கைல ஆணி பாயுமா?" நான் தலையாட்டிவிட்டுப் பதிவேட்டில் எழுதினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த மரத்துண்டை மறுநாள்தான் நிதானமாகப் பார்த்தேன். குறித்த இடத்தில் ஓர் ஆணி சுத்தமாக இறங்கியிருந்தது. அதிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, கை இருந்த இடத்தில், இன்னொரு துளை. முதல் ஆணியை அவர் அடித்தார். இரண்டாவது ஆணியை அவர் அடிக்கவில்லை. கன் அடித்தது.

எப்படி என்று சொல்கிறேன். ஏர் கன்னின் மூக்கு மரத்தில் அழுந்தினால்தான் ஆணி வெளியே வரும். அதற்கு மேல், விசையில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் முதலில் மூக்கை மரத்தில் அழுத்த வேண்டும், பிறகு விசையை இழுக்க வேண்டும். அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை வரிசை விசை என்று சொல்லலாம். மற்ற வகையில், அதாவது தட்டி அடிக்கும் விசையில், எது முதலில் என்ற கணக்கே இல்லை. விசையை இழுத்துப் பிடித்தபடி மூக்கை எங்கே தட்டினாலும் ஆணி பாயும். கம்ப்ரஸர் காற்றின் வேகத்தில் ஆணி இறங்கும்போது கன் பின்னுக்கு உதறும். உதறிய கன்னைக் கை தன்னையறியாமல் மறுபடி அழுத்தும். விரல் இன்னும் விசையில்தான் இருக்கிறது. மூக்கு எதைத் தொடுகிறதோ அதற்குள் இரண்டாவது ஆணி போய்விடும். கண் அதைப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதில் கவனம் எங்கே நுழைய முடியும்?

'தொழில் தெரிந்தவன் கைக்கு ஆணி பாயாது' என்பதைப் பட்டறைகளில் வேதவாக்காக வைத்திருக்கிறார்கள். சுத்தியல் காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. சுத்தியல் நாம் ஓங்கினால்தான் இறங்கும். தட்டி அடிக்கும் விசை கொண்ட கன் அப்படியில்லை. விசையில் விரல் இருக்கும்வரை அது அடிக்கக் காத்திருக்கிறது. சுத்தியலுக்குச் சொன்ன நீதியை இதற்குச் சொல்வது அநியாயம்.

அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை, ஆணி கன் காயத்தோடு அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 37,000 பேர். அங்கே வீடு கட்டும் தச்சுப் பயிற்சியாளர்களை நான்கு ஆண்டுகள் கவனித்ததில், ஐந்து பேரில் இருவருக்குக் காயம். தட்டி அடிக்கும் விசையில் காயமடையும் ஆபத்து, வரிசை விசையைப்போல இரண்டு மடங்கு. அனுபவத்தையும் பயிற்சியையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்த இரண்டு மடங்கு குறையவில்லை. பயிற்சி காயத்தைக் குறைக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விசை செய்யும் கேட்டைப் பயிற்சியால் மட்டும் துடைக்க முடியாது.

"வரிசை விசை வைத்தால் வேலை ஓடாது" என்பார்கள் முதலாளிகள். அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். தேர்ந்த தச்சர்கள் பத்துப் பேர், ஒரே மாதிரியான மரக் கொட்டகைகளை இரண்டு விசையிலும் கட்டினார்கள். தட்டி அடிக்கும் விசையில் ஆணியடிக்கும் நேரம் 10 சதவீதம் குறைந்தது. மொத்தக் கட்டுமான நேரத்தில் பார்த்தால் அது 1 சதவீதம்கூட இல்லை. யார் கையில் கன் இருந்தது என்பதே வேகத்தைப் பெரிதும் தீர்மானித்தது. நாள் முழுக்க ஆணி மட்டுமே அடிக்கும் பேலட் வேலையில் வித்தியாசம் கூடுதலாகவே இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அங்கே சட்டத்தை டெம்ப்ளேட்டில் வைத்து இறுக்கிவிட்டு, இரண்டு கையையும் ஆணி விழும் இடத்திலிருந்து விலக்கிவிடுங்கள். அந்த நேரத்தை விரலிலிருந்து பிடித்தம் செய்யாதீர்கள்.

செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல. கன் வாங்கும்போதே வரிசை விசை கேளுங்கள். பல மாடல்களுக்கு விசையை மட்டும் மாற்றும் கிட் கிடைக்கிறது. மரத்தைப் பிடிக்கும் கை, ஆணி விழும் இடத்திலிருந்து ஓர் அடியாவது தள்ளி இருக்கட்டும். சின்னத் துண்டு என்றால் கிளாம்ப் போடுங்கள். கணுவிலோ பழைய ஆணியிலோ பட்டால் ஆணி வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும். ஆகவே கணுவைத் தவிர்த்து அடியுங்கள், கண்ணாடி போடாமல் கன்னைத் தொடாதீர்கள். ஆணி சிக்கினாலும், கன்னை அடுத்தவரிடம் கொடுத்தாலும், டீக்குப் போனாலும் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள். நடக்கும்போது விசையில் விரல் வேண்டாம். மூக்கை அழுத்திக் கம்பியால் கட்டி வைக்கும் வழக்கத்தைக் கண்டால், அந்தக் கன்னை அன்றே ஓரம் கட்டுங்கள். தைத்த ஆணியைப் பட்டறையில் பிடுங்காதீர்கள். ஆணிகளைக் கோத்த கம்பியின் முள் அதில் ஒட்டியிருக்கலாம், இழுத்தால் நரம்பையும் கிழிக்கக்கூடும்.

'கவனக்குறைவு' என்று எழுதினால் அந்தக் கட்டம் நிரம்பிவிடும், விசாரணை முடிந்துவிடும், அதே கன் மறுநாள் காலை இன்னொருவர் கைக்குப் போகும். எங்கள் பட்டறையிலும் அதுதான் நடந்தது. அண்ணன் விடுப்பில் இருந்த வாரம் முழுக்க, அவர் கையைத் துளைத்த கன்னை அவரிடம் தொழில் படித்த பையன் ஒருவன் பிடித்திருந்தான். அதைக் கொடுத்தவன் நான்.

அந்த வார இறுதியில்தான் பதிவேட்டைத் திறந்து என் சொல்லை அடித்துவிட்டு, மேலே திருத்தி எழுதினேன்: 'தட்டி அடிக்கும் விசை. உதறலில் இரண்டாவது ஆணி.' காரணம் என்று அதை எழுதிய பிறகு, அந்தக் கன்னைப் பையன் கையில் விட்டுவைக்க என்னால் முடியவில்லை.