அவளுக்கும் ஒரு பெயர் உண்டு

போர் ஒரு பிள்ளையின் வீட்டைப் பறிக்கிறது. புதிய ஊரில் அந்தப் பிள்ளைக்கு முதலில் திறக்கும் கதவு பாடசாலைதான். அங்கேயும் அவமானம் காத்திருந்தால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

2018 ஒக்டோபரில் இங்கிலாந்தின் ஹடர்ஸ்பீல்ட் நகரில், சிரியப் போரிலிருந்து தப்பி வந்த 15 வயது மாணவனை அவனது பாடசாலை மைதானத்திலேயே இன்னொரு மாணவன் தள்ளி விழுத்தி, முகத்தில் தண்ணீரை ஊற்றினான். கீழே விழுந்தவனின் கையில் அப்போது மாவுக்கட்டு இருந்தது. காணொளியைப் பார்த்து இரங்கிய மக்கள் 150,000 பவுணுக்கும் அதிகமாகச் சேர்த்தார்கள். ஆனால் டொமி ரொபின்சன் என்ற தீவிர வலதுசாரி, அந்தச் சிறுவன்தான் ஆங்கிலேயச் சிறுமிகளைத் தாக்கியவன் என்று முகநூலில் பரப்பினார். அதனை அவரால் நிரூபிக்க முடியவில்லை. 100,000 பவுண் நட்டஈடு வழங்குமாறு 2021இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குள் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போய்விட்டது.

அடித்தவன் ஒரு சிறுவன். அந்த அடிக்கு நியாயம் தேடிக் கொடுத்தவரோ வளர்ந்த மனிதர். பெற்றோர் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

மதமும் நிறமும் வேறு என்பதால் அங்கே அப்படி நடந்தது என்று நாம் ஆறுதல் அடைய முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் தஞ்சம் புகுந்தனர். புத்தளத்து மக்கள் உணவும் இடமும் கொடுத்து அவர்களை வரவேற்றார்கள். அதை மறக்க முடியாது. ஆனால் ஆண்டுகள் நீண்டு, காணிக்கும் தொழிலுக்கும் பாடசாலை அனுமதிக்கும் போட்டி வந்தபோது, ‘அகதி’ என்ற சொல் பட்டப்பெயராக மாறியது. புத்தளத்திலேயே பிறந்த பிள்ளைகளையும் அந்தச் சொல் விடவில்லை. இத்தனைக்கும் இரு சாராருக்கும் மார்க்கம் ஒன்று, மொழியும் ஒன்று.

பிள்ளைகள் இந்தச் சொற்களைப் பாடப்புத்தகத்தில் படிப்பதில்லை. “வந்தான் வரத்தான்களால்தான் எங்கட பிள்ளைகளுக்கு இடமில்லாமல் போகுது” என்று உம்மாவும் வாப்பாவும் சாப்பாட்டு வேளையில் பேசுவதைக் கேட்கிறார்கள். மறுநாள் அது வகுப்பறைக்கு வருகிறது. இடப் பற்றாக்குறை உண்மையாக இருக்கலாம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அதிகாரிகள். பக்கத்து மேசையில் இருக்கும் பிள்ளை அல்ல.

தோழியரே, ஒருத்தியைப் பட்டப்பெயரால் அழைக்கும்போது சிரிக்காமல் இருப்பதே முதல் உதவி. அவளைப் பெயர் சொல்லி அழையுங்கள். இடைவேளையில் உங்களுடன் சேர்த்துக்கொள்ளுங்கள். தொல்லை தொடர்ந்தால் வகுப்பாசிரியையிடம் சொல்லுங்கள். அது கோள் சொல்வதாகாது. பட்டப்பெயர் சூட்டுவதை சூரா அல்ஹுஜுராத் தடுத்திருப்பது நாம் அறியாத விடயமல்ல.

தொலைதூரச் சிரியச் சிறுவனுக்காகக் கண்கலங்குவது எளிது. நம் வகுப்புக்குப் புதிதாக வந்தவளுக்கு வாங்கில் இடம் விடுகிறோமா என்பதில்தான் நமது இரக்கம் தெரியும்.